ஆரணியில் ஓடச் சொன்னார்கள்

ஆரணிக்கு நாங்கள் போனது பட்டுப்புடவை எடுக்க. ஈப்போவில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். உண்மையில் போனது என் மகள் ஸ்டெல்லாவை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட. பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஊருக்கே போய் நிற்பது எந்த ஊர் முறை என்று கேட்பார்கள். கடல் தாண்டி அவர்களால் வர முடியாது, எங்களால்தான் முடியும் என்று விளக்கினால் யார் காதில் ஏறும்? அதனால் புடவை என்று சொல்லி வைத்தோம்.

எண்பதுகளின் நடுவில், ஒரு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ஆரம்பித்த சங்கதி இது.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. தையற்காரர் துணியில் மிச்சமில்லை என்றால் அவர் குப்பைக்கூடையை எட்டிப் பார்ப்பேன். பிரசங்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தால் போதகருக்கு எங்கே அவசரம் என்று யோசிப்பேன். "உனக்கு போலீஸில் வேலை கிடைத்திருக்க வேண்டும்" என்பார் என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம். அவர் நேர் எதிர். திருடன் வந்து கதவைத் தட்டினாலும் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். எங்கள் வீட்டில் சந்தேகப்படும் வேலை முழுவதும் என் தலையில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று பேர் வேண்டாம். ஸ்டெல்லாவின் இடது கால் வலது காலைவிட முக்கால் அங்குலம் குட்டை. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அப்படி ஆயிற்று. ஈப்போவில் ஒரு சீனச் செருப்புக்காரர் இடது செருப்புக்கு மட்டும் அடியைக் கனமாக வைத்துத் தைத்துக் கொடுப்பார். அதைப் போட்டுக்கொண்டு, புடவையைத் தாழக் கட்டி, நிதானமாக நடந்தால் ஒருவருக்கும் தெரியாது. வேகமாக நடந்தால் தெரியும். ஓடினால் சொல்லவே வேண்டாம். சம்பந்தம் பேசிய போதகரிடம் நான் இதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு ஸ்டெல்லா எழுதிய கடிதங்களிலும் இது இல்லை; ஒவ்வொன்றையும் நான் படித்துப் பார்த்துத்தான் ஒட்டினேன். ஏற்கெனவே இரண்டு இடம் இதைச் சொல்லித்தான் தட்டிப்போனது. பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. மூன்றாவது இடத்தையும் வாயால் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

சென்னையில் ஏறிய பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. "பத்து நிமிசம்" என்றார் கண்டக்டர். எங்கள் ஊரில் பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம். இங்கே அது ஓர் ஆறுதல் வார்த்தை. ஒன்றரை மணி நேரம் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். மாற்று டயர் இருந்தது, வெடித்ததைக் கழற்றும் சாவி இல்லை. சாவி வாங்க ஓட்டுநர் ஒரு லாரியில் ஏறிப் போனார். அவர் திரும்புவார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று நான் கேட்டதற்குக் கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற பெரணமல்லூர்க்காரர் ஒருவர் பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து நீட்டினார். "சாப்புடுங்கம்மா, நம்ம தோட்டத்துப் பழம்." முன்பின் தெரியாதவருக்கு எதற்குப் பழம்? வழிப்பயணத்தில் மயக்க மருந்து கொடுத்துப் பெட்டியைத் தூக்கிப் போகிறார்கள் என்று எங்கள் ஊர்ப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் மூன்று பழத்தை உரித்துச் சாப்பிட்டார். பஸ் கிளம்பிய ஐந்தாவது நிமிஷம் அவர் தலை சாய்ந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"என்ன பண்றே?" என்று விழித்தார்.

பின் சீட்டிலிருந்து பழக்காரர் சொன்னார்: "ஐயா அசந்து தூங்கறாரு, உடுங்கம்மா." கொஞ்ச நேரம் கழித்து, "எங்க, ஆரணிக்கா? இன்னா விசேஷம்?" என்றார்.

"புடவை எடுக்க."

அவர் ஸ்டெல்லாவை ஒரு பார்வை பார்த்தார். "எடுங்க, எடுங்க. பொண்ணு நல்லா களையா கீது" என்றார். புடவை எடுக்கப் போகிறவளிடம் பெண்ணின் களையைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும்? அன்று முழுவதும் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆரணியில் இறங்கியதும் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் நேராக எங்களிடம் வந்தார். "டீச்சரம்மா ஊட்டுக்குத்தானே? மலேசியாக்காரங்க நீங்கதானே? ஜல்தி ஏறுங்க, மழ வரும் போல கீது." நாங்கள் யாருக்கும் எந்த பஸ் என்று சொல்லவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் வேறு என்னவெல்லாம் தெரிந்திருக்கும்? வண்டிக்குள் பெட்டிகளின்மேல் கோணலாக உட்கார்ந்துகொண்டு அதையே யோசித்தேன். தூறல் பிடித்துக்கொண்டது. வழியில் தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது. "நல்ல சுறுசுறுப்பான ஊர்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லா ஊரும் நல்ல ஊர்தான்.

மாப்பிள்ளை பேர் தயாளன். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்பா இல்லை. அம்மா சுகிர்தம், தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. ஊரில் எல்லாருக்கும் டீச்சர். வாசலில் நின்று எங்களை வரவேற்றார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. கண்ணாடி வழியாக அந்த அம்மாள் முதலில் பார்த்தது ஸ்டெல்லாவின் முகத்தை இல்லை, பாதத்தை. நான் கவனித்துவிட்டேன்.

எனக்கிருந்த பெரிய பயம் வாசற்படிதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கதை கந்தல். கதவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடு என்று விமானத்திலேயே அவளிடம் ஓதி வைத்திருந்தேன். அவள் சன்னல் வழியே மேகத்தைப் பார்த்தாள். இப்போது அவள் குனிந்து வாரில் கை வைத்ததும் டீச்சர் சொன்னார்:

"செருப்போடவே வாம்மா. மழையில தர ஜில்லுனு கீது."

செருப்போடு உள்ளே வா என்று சொல்லும் தமிழ் வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனர்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். இது என்ன சூது?

அடுத்தது காபி. பெண்ணிடம் தட்டைக் கொடுத்துக் கொண்டுவரச் சொல்வதுதான் எங்கும் வழக்கம். நடையைப் பார்க்கத்தானே அந்தத் தட்டு? அதற்கும் அவளைத் தயார்செய்து வைத்திருந்தேன்: சின்ன அடி, தலை குனிவு, ஆறே எட்டு வைத்து முடித்துவிட வேண்டும். டீச்சரோ, "நீ உக்காரும்மா, அலைஞ்சுகினு வந்திருக்கற" என்று சொல்லி மகனையே தட்டை எடுத்துவரச் செய்தார். காபி பித்தளை டம்ளரில் நுரை தளும்ப வந்தது. எங்கள் ஊர்க் கறுப்புக் காபியில் பழகிய நாக்குக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. நடக்கச் சொல்லவில்லை, பாடச் சொல்லவில்லை, முடியைப் பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் வந்த பெண்ணை ஒரு பரீட்சையும் வைக்காமல் விடுகிறார்கள் என்றால், பெரிய பரீட்சை ஒன்று பின்னால் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"சம்பந்தியம்மா, ராத்திரிக்கு இட்லியா தோசையா?" என்றார் டீச்சர். இன்னும் ஒன்றும் பேசி முடியவில்லை, அதற்குள் சம்பந்தியம்மாவா?

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த ஓர் ஆசிரியையின் வீட்டை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மறுநாளும் மழைதான். கடைத்தெருவில் இரண்டு புடவை பார்த்தோம். ஜரிகையை நான் நகத்தால் சுரண்டிப் பார்த்ததும் கடைக்காரர் புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். களம்பூர் அரிசிச் சோறு, கத்தரிக்காய் காரக்குழம்பு, டீச்சர் சுட்ட அதிரசம் எல்லாம் வேளாவேளைக்கு வந்தன. ருசி அபாரம். ஆனால் நான் பாதியிலேயே இலையை மூடினேன். யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்ததும், சபைச் செயலாளர் எழுந்து அறிவிப்பு வாசித்தார். பெயர் தேவதாஸ். தறி நெய்பவர், கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில்.

"வழக்கம்போல நாளைக்கு காலைல நம்ம சபை குடும்ப ஓட்டம். ஏழு மணிக்கு கோயில் வாசல்ல இருந்து பள்ளிக்கூட மைதானம் வரைக்கும். கொறஞ்சது மூணு பேராச்சும் இருக்கணும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பழைய நூல் பொடவ. எல்லாரும் அந்த ஒரே பொடவய புடிச்சிகினே ஓடணும். யாராச்சும் உட்டுட்டா, நின்னு, அவங்க மறுபடி புடிச்ச பெறகுதான் ஓடலாம். முடிஞ்சதும் இட்லியும் கறிக்கொழம்பும்."

பிறகு பேர்களை வாசித்தார். ஆறாவது பேர் எங்களுடையது. "சுகிர்தம் டீச்சர் குடும்பம். டீச்சர், தயாளன், மலேசியாவில இருந்து வந்திருக்கற ஆசீர்வாதம் ஐயா, அம்மா, பாப்பா ஸ்டெல்லா. மொத்தம் அஞ்சு."

அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டேன். காபித் தட்டு எதற்கு, ஆறு எட்டு நடை எதற்கு? ஒரு மைல் ஓட விட்டு ஊர் முழுக்கச் சேர்ந்து பார்க்கலாமே! குட்டு வெளிப்பட்டதும், "பொருத்தமில்லை" என்று கௌரவமாகச் சொல்லி அனுப்பிவிடலாமே! எவ்வளவு கெட்டிக்கார டீச்சர்!

"நாங்க ரெண்டே பேரு, மூணு இல்லாததுனால போன ரெண்டு வருசமும் ஓட முடியல" என்றார் டீச்சர், சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை.

மத்தியானம் தயாளன் மூன்று அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. என் அளவு, அவர் அளவு, ஸ்டெல்லாவின் அளவு. எங்கள் அளவு இவனுக்கு எப்படித் தெரியும்? "வாசல்ல கழட்டி வச்சிருந்த செருப்ப பாத்து வாங்கினேங்க" என்றான். ஸ்டெல்லா செருப்பைக் கழற்றவே இல்லையே என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் ஏன் கழற்றவில்லை என்ற பேச்சு வரும். விழுங்கிக்கொண்டேன்.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். "படவேடு பக்கம் மலை நல்லா இருக்குமாமே, நாளைக்கு எல்லாரும் போயிட்டு வரலாமா?" என்றேன். "அங்க பஸ்ஸு கம்மிங்க, போனா திரும்பறது பேஜாரு. நாளன்னிக்கு கார் வச்சிகினு போலாம்" என்றார் டீச்சர். எனக்கு முழங்கால் வலி என்றேன். தைலம் வந்தது. சாயங்காலம் ஸ்டெல்லாவுக்கு வயிற்றுப்போக்கு என்று அறிவித்தேன். டீச்சர் மோரில் வெந்தயம் போட்டுக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள் ஸ்டெல்லா.

டீச்சர் போனதும் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். "உன்னை ஓட விட்டுப் பார்க்கப் போறாங்க, புரியலையா உனக்கு?"

"புரியுதும்மா."

"புரிஞ்சுமா போறே?"

"பள்ளிக்கூடத்துல விளையாட்டுப் போட்டி அன்னைக்கெல்லாம் எனக்குக் காய்ச்சல்னு சீட்டு எழுதிக் கொடுத்தீங்க. பன்னிரண்டு வருஷம். நாளைக்கும் எழுதப்போறீங்களா?"

என் வீட்டுக்காரர் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு அறைக்குள் குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் உதவி எதிர்பார்ப்பது வீண். "ஓடட்டுமே" என்றார்.

மறுநாள் மழை விட்டு, பளிச்சென்று வெயில். மழை நீடிக்க வேண்டும் என்று நான் செய்த ஜெபம் வீண். கோயில் வாசலில் பதினைந்து குடும்பம் பதினைந்து பழைய புடவையோடு நின்றது. பாவாடையைத் தூக்கிச் செருகிய பெண்கள், வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள். எங்கள் புடவை டீச்சருடைய கத்தரிப்பூ நிறச் சுங்குடி. முன்னால் தயாளன், அடுத்து டீச்சர், அப்புறம் ஸ்டெல்லா, பிறகு நான், கடைசியில் என் வீட்டுக்காரர். வரிசை அப்படி இருந்தாலும் நான் ஸ்டெல்லாவுக்குப் பின்னால் நிற்கவில்லை. அவளுடைய இடப்பக்கம் ஒட்டி நின்றேன். அது என் இடம். சந்தையானாலும் கோயிலானாலும் அவளுக்கு இடப்பக்கம் நான்தான் நடப்பேன். பார்க்கிறவர்களுக்கு என் புடவைதான் தெரியும்.

தேவதாஸ் விசிலை ஊதினார். பதினைந்து புடவைகளும் கிளம்பின. அது ஓட்டம் என்று யார் சொன்னது? முன்னால் ஒரு தாத்தா புடவையை விட்டுவிட்டு இருமினார், குடும்பமே நின்றது. ஒரு கைக்குழந்தையின் செருப்பு விழுந்தது, நின்றார்கள். சிரிப்பும் கத்தலுமாக, தேர் இழுப்பது போல விட்டு விட்டு நகர்ந்தோம். ஸ்டெல்லாவின் கால் ஏறி இறங்கியது. தெரியத்தான் செய்தது. ஆனாலும் நான் பயந்த அளவுக்கு இல்லை. மண் ரோடு காரணமாக இருக்கும் என்று நினைத்தேன். ஓட்டத்தில் சேராதவர்கள் இரண்டு பக்கமும் நின்று கை தட்டினார்கள். அந்தக் கண்களை எல்லாம் நான் ஒவ்வொன்றாக அளந்துகொண்டே ஓடினேன்.

அடுத்த திருப்பத்தில் எல்லாரும் முட்டிக்கொண்டு நின்றோம். நெசவுத் தெரு. தெருவின் நீளத்துக்கும், தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், இடுப்பு உயரத்தில், மயில் கழுத்து நிறத்தில் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தன. மூன்று நாள் மழையில் பாவு நீட்ட முடியாமல் தவித்தவர்கள், வெயிலைக் கண்டதும் வெளியே போட்டுவிட்டார்கள்.

"இன்னாப்பா இது, இன்னிக்கு ஓட்டம்னு தெருவுல சொல்லலியா?" என்று முன்னால் ஒருவர் கத்தினார்.

பாவின் அந்தக் கோடியில் ஒரு பெண்மணி இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னாரு, சொன்னாரு. தெருவுல யாரும் பாவு போடக்கூடாதுன்னு போன வாரம் ஊடு ஊடா போயி சொன்னாரு. காலைல அஞ்சு மணிக்கு வெயிலு வரும் போல கீதுன்னு எங்கூட்டு பாவ அவரே நீட்டிட்டு, விசில எடுத்துகினு கோயிலுக்கு ஓடிட்டாரு!"

அது தேவதாஸின் மனைவி. தெருவை மறித்துக்கொண்டு கிடந்தது விசில்காரரின் சொந்தப் பாவு. தெரு முழுக்கச் சிரித்தது. தேவதாஸ் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் ஒருவர்கூட அதை எடு என்று சொல்லவில்லை. இந்த ஊரில் நீட்டிய பாவை யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள். பதினைந்து குடும்பமும் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பாவுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு முழ இடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பூனை போல நடந்தோம். கைக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இடப்பக்கம் சுவர். எனக்கு நிற்க இடமில்லை. முதல் தடவையாக என் மகளுக்குப் பின்னால் நடந்தேன்.

தெரு முடிந்ததும் மைதானம் தெரிந்தது. ஓட்டம் மறுபடி பிடித்தது. நான் அவசரமாக முன்னால் பாய்ந்து அவள் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டேன். ஸ்டெல்லா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, தள்ளிப் போங்க. நீங்க இடிக்கிறதாலதான் எனக்குத் தடுக்குது."

நான் தள்ளிப் போனேன். அவள் ஓடினாள். கோணலாக, தோள் ஒரு பக்கம் சாய, வாய் திறந்து சிரித்துக்கொண்டு ஓடினாள். ஊரே பார்த்தது. பதினான்காவதாக வந்தோம்.

மைதானத்து வேப்பமரத்தடியில் பந்தி. என் வீட்டுக்காரர் தேவதாஸோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நால்வரும் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினோம். அடிபட்ட நாய் போல என் மனசு ஒடுங்கிக் கிடந்தது. ஸ்டெல்லாவின் இடது ஷூவை எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். கனத்தது. உள்ளே கை விட்டேன். தோல் மேல் தோல் வைத்து, முக்கால் அங்குலத்துக்கு, வெகு நேர்த்தியாகத் தைத்திருந்தது.

நான் தயாளனைப் பார்த்தேன். அவன் ஸ்டெல்லாவைப் பார்த்தான்.

"நான்தான்மா இவருக்கு எழுதினேன்" என்றாள் ஸ்டெல்லா. "முதல் கடிதத்திலேயே. நான் வேலை செய்யற ஆபீஸிலிருந்து போட்டேன். நீங்க படிச்சுப் பார்த்து ஒட்டிக் கொடுத்தது எல்லாம் அதுக்கு அப்புறம் எழுதினது. என்னை ஓட விட்டதே இல்லைன்னும் எழுதினேன். ஓடணும்னு கேட்டது நான்."

செருப்போடு வா என்றதும், காபித் தட்டைக் கொடுக்காததும் என் கண்முன்னால் வந்து நின்றன. ஊர் முழுவதையும் சந்தேகப்பட்டேன். சொந்த வீட்டில் ஒருத்தியை விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, எல்லாம் முடிந்தது, தப்பித்தோம் என்று நிம்மதி வந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு நாளா பாத்துகினு இருந்தேங்க. இப்ப சொல்வாங்க, அப்ப சொல்வாங்கன்னு. முழங்கால் வலின்னீங்க, வயித்துப்போக்குன்னீங்க. இத மட்டும் சொல்லல. பொண்ண பத்தி எங்களுக்கு ஒரு கேள்வியும் இல்ல. இவன் எப்பவோ முடிவு பண்ணிட்டான். எனக்கு உங்கள பத்திதாங்க சந்தேகம். பெத்த பொண்ணு கால ஏன் இப்படி ஒளிக்கறாங்க? காய்ச்சல்ல வந்தது யாருக்கும் வரும். அதுல ஒளிக்க இன்னா கீது?"

சந்தேகம் என்ற அந்தச் சொல்லை என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. இரண்டு இடம் தட்டிப்போன கதையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது முழு உண்மை இல்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் ஸ்டெல்லா வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தோரு வருஷமாக நான் யாருக்கும் சொல்லாததை அங்கே சொன்னேன்.

"அப்ப நாங்க ரப்பர் தோட்டத்துல இருந்தோம். எங்க வீட்டுக்காரர் அங்க கிராணி, ஆபீஸ்ல கணக்கு எழுதறவர். பிள்ளைங்களுக்கு இளம்பிள்ளை வாதம் வராம இருக்க சொட்டு மருந்து கொடுக்கறோம்னு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாங்க. சீனிக்கட்டியில ரெண்டு சொட்டு விட்டுக் கொடுப்பாங்க. தோட்டமே வரிசையில நின்னுச்சு. இலவசமா எதுக்குக் கொடுக்கறான், நம்ம பிள்ளைங்க மேல மருந்தைச் சோதிச்சுப் பார்க்கறானோன்னு எனக்குச் சந்தேகம். கிராணி வீட்டம்மா, பேப்பர் படிக்கிறவ, எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு திமிர். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். இவர் கேட்டதுக்குக் கொடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன். ஆறு மாசத்துல இவளுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்துல வேற ஒரு பிள்ளைக்கும் வரல. காலைப் பத்தி யாராவது கேட்டா இதைச் சொல்லணுமேன்னுதான் ஒளிச்சேன்."

டீச்சர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு என் கையின்மேல் கை வைத்தார். "போதுங்க. எனக்கு இனிமே கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. தேதி பாக்கலாம்." தயாளன் எழுந்து இலை போடுகிற பக்கம் போனான்.

"எனக்குக் கேட்கணும்" என்றாள் ஸ்டெல்லா. குரல் உயரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மற்ற பிள்ளைங்க எல்லாம் வரிசையில நின்னாங்களா?"

"நின்னாங்க."

"நான் என்ன செஞ்சேன்?"

சொல்லாமல் இருக்க எவ்வளவோ வழி இருந்தது. உனக்கு மூன்று வயது, தூங்கிக்கொண்டிருந்தாய் என்று சொல்லியிருக்கலாம்.

"அழுதே. எல்லாரும் சீனிக்கட்டி தின்னுறாங்க, எனக்கும் வேணும்னு கதவைத் தட்டித் தட்டி அழுதே."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "வீட்டுல இருந்த சீனியாவது ஒரு வாய் கொடுத்தீங்களா?"

"இல்ல" என்றேன். "அடிச்சேன்."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வெறுங்காலோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.